ஐந்துக்கு மூன்று

1998 ஜூலையில், இத்தாலியின் இஸ்கியா தீவில், விஸ்வநாதன் ஆனந்த் 'ரிபெல் 10' என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். முடிவு 5-3. யந்திரம் ஜெயித்தது. இந்த எண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். செஸ் தெரிந்தவன் என்ற தகுதியில் அல்ல. என் ஆட்டம் சிட்லபாக்கம் ஏரிக்கரையைத் தாண்டிப் போனதில்லை. எண்களைக் கூட்டிச் சரிபார்த்து மேலே அனுப்புவதைப் பிழைப்பாகவும், கவிதைகளைப் படித்து அபிப்பிராயம் சொல்வதைப் பிழைப்பல்லாத வேலையாகவும் வைத்துக்கொண்டிருப்பவன் என்ற தகுதியில்.

எட்டு ஆட்டங்களும் ஒரே ஜாதியல்ல. நான்கு, ஐந்து நிமிஷ 'பிளிட்ஸ்'. அவற்றில் யந்திரத்துக்கு 3, ஆனந்துக்கு 1. இரண்டு, பதினைந்து நிமிஷ ஆட்டங்கள். யந்திரத்துக்கு ஒன்றரை, ஆனந்துக்கு அரை. மீதி இரண்டும் முறையான கால அளவில் - நாற்பது நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம் - ஆடப்பட்டவை. அவற்றில் ஆனந்துக்கு ஒன்றரை, யந்திரத்துக்கு அரை. ஆக 5-3 என்பது ஒரு முடிவல்ல. ஒன்றுக்கொன்று முரணான மூன்று முடிவுகளைக் கூட்டிக் கிடைத்த தொகை. வீட்டு வாடகையையும் காய்ச்சல் டிகிரியையும் கூட்டினாலும் ஒரு தொகை கிடைக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வேகம்தான் ஆனந்தின் சொத்து. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிவந்த டால் செஸ் கிளப்பில் சிறு பையனாக அவர் ஆடிப் பழகியது பிளிட்ஸ். ஜெயித்தவர் பலகை முன்னால் உட்கார்ந்தே இருக்கலாம். தோற்றவர் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நிற்கப் பிடிக்காத பையன்கள் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். பின்னால் அவருக்கு 'மின்னல் பையன்' என்றே பெயர் வந்தது. அந்த மின்னல் எங்கே பளிச்சிட வேண்டுமோ அங்கே யந்திரத்திடம் தோற்றார். எங்கே நிதானம் தேவையோ அங்கே ஜெயித்தார். மனிதர்களுக்குள் வேகமானவர் என்பதும் வேகத்தில் வலிமையானவர் என்பதும் ஒன்றல்ல என்று இதற்கு அர்த்தம். எதிரில் உட்காருவது எது என்பதைப் பொறுத்து ஒரே குணம் பலமாகவும் பலவீனமாகவும் மாறுகிறது.

யந்திரத்தின் பலம் மனித பலத்தில் எத்தனை பங்கு என்று கேட்டவர்களுக்கு முப்பது வருஷங்களுக்கு மேல் இரண்டு விதமான பதில்கள் கிடைத்து வந்தன. டோர்னமெண்டில் ஒரு பதில், மேட்ச்சில் இன்னொரு பதில். டோர்னமெண்ட் என்றால் பலரோடு ஆளுக்கொரு ஆட்டம், மிஞ்சினால் இரண்டு. மேட்ச் என்றால் ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப. 1977 பிப்ரவரியில் 'செஸ் 4.5' என்ற புரோகிராம் அமெரிக்காவில் மின்னசோட்டா ஓபன் டோர்னமெண்டில் மனிதர்களுக்கு நடுவில் ஆடி முதலிடம் பெற்றது. அடுத்த வருஷமே அதன் வாரிசான 'செஸ் 4.7' டொராண்டோவில் டேவிட் லெவியோடு மேட்ச் ஆடித் தோற்றது. லெவி சர்வதேச மாஸ்டர். பத்து வருஷங்களுக்குள் எந்த யந்திரமும் தன்னை மேட்ச்சில் ஜெயிக்காது என்று 1968இல் பந்தயம் கட்டியிருந்தவர். மூன்றரைக்கு ஒன்றரை என்று பந்தயத்தை ஜெயித்தார்.

எப்படி ஜெயித்தார் என்பதுதான் சுவாரஸ்யம். அவர் சதுரங்க மேதைமை எதையும் காட்டவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தார், ஆனால் அதை ஒழுங்காகச் செய்தார். காய்களைப் பின்னால் வைத்துக்கொண்டு, பலகையை மூடி, யந்திரத்துக்குக் கணக்குப் போட எதையும் கொடுக்காமல் காத்திருந்தார். கணக்கு மட்டும் தெரிந்த ஜந்துவுக்குக் கணக்கே இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை; அது தானாகவே தன் வீட்டைக் கலைத்துக்கொண்டது. நாலாவது ஆட்டத்தில் மட்டும் லெவி, விளையாட்டாகவோ துணிச்சலாகவோ, யந்திரத்தின் மைதானத்தில் இறங்கிச் சண்டை போட்டார். அதில் தோற்றார். தோல்வியும் ஒரு பரிசோதனைதான். ஐந்து ஆட்டங்கள் இருப்பதால் ஒன்றைச் சோதனைக்குச் செலவழிக்க முடிந்தது. மின்னசோட்டாவில் அந்த யந்திரத்தோடு ஆடியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆளுக்கு ஒரு சந்திப்பு. எதிரே இருப்பது என்ன என்று புரிந்துகொள்வதற்குள் கைகுலுக்க (யாரோடு?) வேண்டியிருந்திருக்கும்.

பத்து வருஷம் கழித்து அதே கதை, பெரிய அளவில். 'டீப் தாட்' 1988இல் லாங் பீச்சில் நடந்த டோர்னமெண்டில் பென்ட் லார்ஸனைத் தோற்கடித்தது. டோனி மைல்ஸோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. 1989 அக்டோபரில் நியூயார்க்கில் காஸ்பரோவ் அதே யந்திரத்தை இரண்டுக்கு சைபர் என்று தட்டிவிட்டார். இரண்டு ஆட்டங்கள் எதையும் நிரூபிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களையும் பார்த்தவர்களுக்கு யார் யாரைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஆடினார்கள் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது.

இதிலிருந்து ஒரு சௌகரியமான முடிவுக்கு வரலாம்: டோர்னமெண்ட் யந்திரத்துக்கு அனுகூலம், மேட்ச் மனிதனுக்கு அனுகூலம். மனிதன் கற்றுக்கொள்கிறான், யந்திரம் அதே தப்பை மறுபடி செய்கிறது. பலர் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். 1996இல் பிலடெல்பியாவில் 'டீப் ப்ளூ' முதல் ஆட்டத்தை ஜெயித்தபோதுகூட இந்த நம்பிக்கை ஆடவில்லை. காஸ்பரோவ் படித்துக்கொண்டார், மாற்றிக்கொண்டார், 4-2 என்று முடித்தார். பாடப் புத்தகத்தில் போடலாம்.

1997 மே மாதம் நியூயார்க்கில் இது தலைகீழாயிற்று. முதல் ஆட்டம் காஸ்பரோவுக்கு. இரண்டாவது யந்திரத்துக்கு - கடைசி நிலையில் இன்னும் டிரா செய்திருக்கலாம் என்று பின்னால் தெரியவந்த ஆட்டம், காஸ்பரோவ் அதற்குள் ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு மூன்று டிரா. ஆறாவதில் பத்தொன்பதே நகர்த்தல்களில் சரணாகதி. மூன்றரைக்கு இரண்டரை. இந்த மேட்ச்சில் திரும்பத் திரும்பச் சந்தித்ததால் என்ன நடந்தது? இரண்டாவது ஆட்டம் காஸ்பரோவின் மனதில் தங்கிவிட்டது. யந்திரத்தின் மனதில் எந்த ஆட்டமும் தங்கவில்லை. டோர்னமெண்டாக இருந்தால் மறுநாள் வேறு யாராவது எதிரில் வந்திருப்பார்கள், ஞாபகம் கலைந்திருக்கும். மேட்ச்சில் அதே முகம். இங்கே முகம்கூட இல்லை. யந்திரத்தின் நகர்த்தலை ஐபிஎம்காரர் ஒருவர் உட்கார்ந்து வைத்துக்கொண்டிருந்தார்.

அதைவிட முக்கியமானது, யாரிடம் யாருடைய ஆட்டங்கள் இருந்தன என்பது. காஸ்பரோவின் வாழ்நாள் ஆட்டங்கள் முழுவதும் எதிர்த்தரப்பிடம் இருந்தன. 1997 யந்திரத்தின் ஆட்டம் ஒன்றுகூடக் காஸ்பரோவிடம் இல்லை. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் அதைத் திருத்தவும் விதி இடம் கொடுத்தது. அப்படியானால் மேட்ச்சில் கற்றுக்கொண்டது யார்? வினாடிக்கு இருபது கோடி நிலைகளைப் பரிசீலித்தது என்கிறார்கள். அந்த இருபது கோடியைவிட இந்த ஒருதலைப்பட்சமான பரிச்சயம்தான் மேட்ச்சைத் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மறு மேட்ச் கேட்டபோது ஐபிஎம் ஒப்புக்கொள்ளவில்லை, யந்திரத்தைக் கலைத்துவிட்டது.

இதற்கு எதிர்ச் சாட்சி 2002இல் பஹ்ரைனில் கிடைக்கிறது. கிராம்னிக், 'டீப் ஃப்ரிட்ஸ்' - எட்டு ஆட்டங்கள். ஆட வேண்டிய புரோகிராம் முன்கூட்டியே கிராம்னிக்கின் கைக்கு வந்தது. வீட்டில் வைத்துக் குடைந்து பார்த்தார். முதல் நான்கு ஆட்டங்களில் 3-1. பிறகு ஐந்தாவதில் களைப்பில் ஒரு பெரிய பிழை; ஆறாவதில் ஒரு குதிரையைப் பலி கொடுத்து அழகாக ஜெயிக்க ஆசைப்பட்டார், ஆசைக்கு விலை கொடுத்தார். முடிவு 4-4. முதல் பாதியில் பரிச்சயம் ஆடியது, இரண்டாம் பாதியில் உடம்பும் ஆசையும் ஆடின. (ஆறாவது ஆட்டத்தை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். நாலு ஆட்டங்களாக ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்ட ஒரு கலைஞன் வேறு என்ன செய்வான்?)

ஆனந்த் இந்தக் கதையில் இன்னும் இரண்டு இடங்களில் வருகிறார். 1994இல் லண்டனில் நடந்த துரித ஆட்ட டோர்னமெண்டில் 'செஸ் ஜீனியஸ்' என்ற புரோகிராம் காஸ்பரோவை வெளியேற்றியது. அதை அரையிறுதியில் 2-0 என்று ஆனந்த் வெளியேற்றினார். பிறகு 2000இல் டார்ட்மண்டில் பத்துப் பேர் ஆடிய டோர்னமெண்ட். பத்தாவது ஆள் 'டீப் ஜூனியர்'. ஆனந்தும் கிராம்னிக்கும் 9க்கு 6 எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்தார்கள். யந்திரம் நாலரை - சரி பாதி. கிராம்னிக் சிப்பாய்களைச் சுவராகக் கட்டி அதை மூச்சுத் திணற வைத்தார். டோர்னமெண்டின் நடுவில் ஒரு சிறு மேட்ச்சை நடத்திக்காட்டினார் என்று சொல்லலாம். நல்ல மனிதர்களோடு மனிதனைப்போல உட்கார்ந்து யந்திரம் சரி பாதி எடுத்த அந்த டார்ட்மண்டைத்தான் நான் நேர்மையான அளவுகோல் என்பேன். அதற்குப் பிறகு அளவுகோலே தேவையற்றுப் போயிற்று. 2005இல் லண்டனில் 'ஹைட்ரா' மைக்கேல் ஆடம்ஸை ஐந்தரைக்கு அரை என்று நசுக்கியது. மேட்ச்சா டோர்னமெண்டா என்ற கேள்விக்கு அர்த்தமில்லாமல் போன நாள் அது.

இப்போது யந்திரங்களுக்கு 3,500க்கு மேல் எண் சொல்கிறார்கள். கார்ல்ஸன் தொட்ட உச்சம் 2882. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாய் பிளக்கிறோம். ஆனால் இந்த எண்கள் ஒரே தராசில் நிறுக்கப்பட்டவை அல்ல. பேராசிரியர் அர்பத் எலோ வகுத்த முறை ஒருவருக்கொருவர் ஆடிக்கொண்டவர்களைத்தான் ஒப்பிடும். நூறு புள்ளி வித்தியாசம் என்றால் பலசாலிக்கு நூற்றுக்கு அறுபத்து நாலு பங்கு கிடைக்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். யந்திரங்கள் யந்திரங்களோடுதான் ஆடுகின்றன. அது தனி ஊர், தனி நாணயம்.

எங்கள் கிளைக்கு எதிரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஒருவர், ஆறு வருஷமாக வாரம் தவறாமல் பணம் கட்ட என் கவுண்டருக்கு வருகிறார். கரியை விட்டு காஸ் பெட்டிக்கு மாறவும், ஒரு சின்னக் கடைக்கு முன்பணம் கொடுக்கவும் கடன் கேட்டார். கம்ப்யூட்டரில் அவருடைய சிபில் மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். 300க்கும் 900க்கும் நடுவில் மனிதர்களை நிறுத்திவைக்கும் மதிப்பெண் அது. போதாது என்று வந்தது. காரணம், மைத்துனனின் ஆட்டோ கடனுக்கு அவர் போட்ட ஜாமீன் கையெழுத்து. "மச்சான் கட்டலைன்னா எனக்கு ஏன் சார் மார்க்கு கொறையுது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அவர் எல்லோரோடும் ஒரு டோர்னமெண்ட் ஆடிக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல். எனக்கும் அவருக்கும் நடுவில் ஆறு வருஷமாக நடந்துகொண்டிருக்கும் மேட்ச்சின் முடிவை எழுத அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் இல்லை. பழைய மானேஜர்கள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று புலம்ப வரவில்லை. முகத்தைப் பார்த்து மறுத்தவர்களும் அவர்கள்தான், எந்தெந்த முகங்களை என்று நமக்குத் தெரியும். அந்த விஷயத்தில் எண் நியாயமானது. அதற்கு ஜாதி தெரியாது. இந்த மனிதரையும் தெரியாது. கடன் கிடைக்கவில்லை.

நம் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் க.நா.சு. பட்டியல் போட்டார். அதற்காக அவரைத் திட்டாதவர்கள் இல்லை. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கி ஒரு கவிதையை, ஒரு கதையைக் கையில் எடுத்து வரி வரியாக அலசினார். முதலாவது டோர்னமெண்ட், இரண்டாவது மேட்ச். இந்த உபமானத்தை ரொம்பத் தூரம் இழுக்கக் கூடாதுதான், ஆனால் கொஞ்ச தூரம் வரும். பட்டியல் போடுகிறவன் நிறையப் படித்தவனாக இருக்க வேண்டும். அவனுடைய ஒவ்வொரு தீர்ப்பும் தனியாக எடுத்தால் ஆதாரமற்றது, மொத்தமாக எடுத்தால் ஒரு ருசி தெரியும். அலசுகிறவனுக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஒரே ஆளோடு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் வரும் வியாதிகளும் உண்டு - காதல், பகை, காஸ்பரோவுக்கு இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு வந்ததைப்போன்ற சந்தேகம். ஒரு கவிஞரை இருபது வருஷம் படித்த விமர்சகர் அவருடைய புதுத் தொகுதியில் இல்லாத சதியைக் கண்டுபிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு முறைகளில் எது உசத்தி என்று நம் வட்டத்தில் நடக்கும் சண்டை, மின்னசோட்டா சரியா டொராண்டோ சரியா என்கிற சண்டைதான். இரண்டும் நடந்தவை.

சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், செல்லப்பா பக்கம். ஆனால் செல்லப்பாவிடம் போவதற்கு எந்தக் கவிதை என்று காட்டியது க.நா.சு.வின் பட்டியல்கள். சென்ற மாதம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கவிஞ நண்பர் - பெயர் எதற்கு - இன்று எழுதுகிறவர்களில் தன் இடம் எத்தனையாவது என்று என்னைக் கேட்டார். விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். எத்தனையாவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கடைசித் தொகுதியில் எந்த மூன்று கவிதைகள் நிற்கும் என்று சொன்னேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. எண் கிடைக்கும் உலகத்தில் வாசிப்பு ஒரு மழுப்பலாகத் தெரிகிறது.

மனிதர்களுக்குள்ளேயே இந்த வழக்கு தீரவில்லை. 2007இல் மெக்ஸிகோ நகரில் எட்டுப் பேர் டோர்னமெண்டில் ஆனந்த் ஒரு ஆட்டமும் தோற்காமல் உலகப் பட்டத்தை ஜெயித்தார். பட்டத்தைத் தற்காலிகமாக இரவல் கொடுத்திருப்பதாகக் கிராம்னிக் பேசினார். மேட்ச்சில் வாங்கியதே பட்டம் என்ற பழைய சம்பிரதாயம். 2008இல் பானில் மேட்ச் நடந்தது. வாழ்நாளெல்லாம் ராஜா முன்னாலிருக்கும் சிப்பாயைத் தள்ளி ஆரம்பித்த ஆனந்த், அங்கே ராணி முன்னாலிருக்கும் சிப்பாயைத் தள்ளினார். கிராம்னிக் என்ற ஒரே ஒருவருக்காக, ஒரே ஒரு மாதத்துக்காக, வேறு ஆளாக மாறினார். ஆறரைக்கு நாலரை. பிறகு 2013இல் நம் சென்னையிலேயே கார்ல்ஸனோடு மேட்ச். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் ஆறரைக்கு மூன்றரை என்று தோற்றார். முடிந்தது என்றார்கள். சில மாதங்களில், 2014 மார்ச்சில், காண்டி-மான்சிஸ்க்கில் கேண்டிடேட்ஸ் டோர்னமெண்டை அவரே ஜெயித்தார். இவர்களில் எது ஆனந்த்?

(மன்னார்குடிக்குப் பக்கத்தில் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோவில் இருக்கிறது. யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியைச் சிவபெருமான் கிழவனாக வந்து சதுரங்கத்தில் ஜெயித்தார் என்று ஸ்தலபுராணம். எத்தனை ஆட்டங்கள் என்று புராணம் சொல்வதில்லை. கடவுளுக்கு ஒன்று போதும் போலிருக்கிறது.)

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரென் மேட்ச்சின் பதினாலாவது ஆட்டம். அதுவரை ஆறரைக்கு ஆறரை. குகேஷ் சென்னைப் பையன். ஆரம்ப வருஷங்களில் அவருடைய பயிற்சியாளர் யந்திரத்தின் பக்கமே அவரை விடவில்லை என்பது பரவலாகத் தெரிந்த விஷயம். பீச்சிலிருந்து வரும் சாயங்கால லோகலில் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன், போனில் ஆட்டம். பலகைக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை. யார் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று யந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்காக அது நடுவில் அசையாமல் நின்றிருந்தது. டிரா என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையை நகர்த்தினார். யானைகளை மாற்றிக்கொண்டால் பிஷப்புகளும் மாறியே தீரும், மிஞ்சும் சிப்பாய்களில் தோற்க வேண்டியதுதான். பட்டை சரிந்தது.

"முடிஞ்சுது சார்" என்றான் பையன், என்னைப் பார்த்து. போனில் குகேஷ் தண்ணீர் பாட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தார்; அவர் இன்னும் பலகையைச் சரியாகப் பார்க்கவில்லை. டிங்குக்கும் தெரியாது. அந்தச் சில விநாடிகள், உலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, பதினாலு ஆட்டங்களாக எதிரெதிரே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. பிறகு குகேஷின் கண்கள் விரிந்தன.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று பையனைக் கேட்டேன்.

"பட்டை எறங்கிடுச்சே சார்."

"எந்தக் காயை நகர்த்தினாரு?"

"அது பாக்கல சார்" என்றான். குரோம்பேட்டை வந்தது, இறங்கிப் போனான்.